உன் அம்மாவின் டபரா

"சார், அம்மா வீட்ல தண்ணி எப்படிக் குடிப்பாங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் ஷாலினி. உன் அம்மாவுக்கு விழுங்கும் பயிற்சி கொடுக்க வந்த ஸ்பீச் தெரபிஸ்ட். நீ லீவு முடிந்து புனேவுக்குக் கிளம்பிய பிறகுதான் அவள் நம் வீட்டுக்கு வரத் தொடங்கினாள், அதனால் நீ அவளைப் பார்த்ததில்லை. கல்லூரிப் பெண் மாதிரி இருப்பாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு ஸ்பூன். கேள்வி எனக்கு மிகவும் எளிதாகப் பட்டது. "எல்லாரும் குடிக்கிற மாதிரிதாம்மா" என்றேன். "காட்டுங்க சார்" என்றாள். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர்களைக் கரும்பலகைக்கு அழைத்தவன், அன்றைக்கு நான் அழைக்கப்பட்டேன். சொம்பை எடுத்தேன், தலையை அண்ணாந்தேன், உதட்டில் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றிக் கடகடவென்று விழுங்கினேன், ஒரு சொட்டுகூடச் சட்டையில் சிந்தவில்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு, சரியான விடை சொன்ன பையனைப் போல அவளைப் பார்த்தேன். ஷாலினி பாராட்டவில்லை. "இதைத்தான் சார் அம்மா மறக்கணும்" என்றாள்.

நீ தினமும் போன் செய்து, "அம்மா கல்யாண மண்டபத்துக்கு வருவாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். "பார்க்கலாம்" என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். நேற்று "வருவாள்" என்று சொன்னதும் நீ "நெஜமாவாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டாய். பிறகு மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். அந்தப் "பார்க்கலாம்" எப்படி "வருவாள்" ஆனது என்பதைப் போனில் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த வாரம் நீ கீர்த்தனாவின் கணவனாகப் போகிறாய். கணவனாக இருப்பதைப் பற்றி நான் அதிகம் கற்றுக்கொண்டது கல்யாணமான புதிதில் இல்லை, இந்த மூன்று நான்கு மாதங்களில்தான். இந்தக் கடிதத்தை உன் அம்மா படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப விடுவாள். அதனால் நான் கூட்டிக் குறைத்து எழுத வழியில்லை.

பக்கவாதம் வந்தபோது நீ கூடவே இருந்தாய், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நீ போன பிறகு கையும் காலும் நன்றாகவே திரும்பிவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பியது, ஆனால் கிண்டல் குழறாமல் திரும்பியது. தொண்டை மட்டும் வரவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. அது ஏன் என்று உன் சரோஜா அத்தையிலிருந்து பக்கத்து வீட்டுப் பால்காரர் வரை எல்லோரும் கேட்டார்கள். நான் அறிவியல் வாத்தியார். மூச்சுக்குழாயைச் சிவப்புச் சாக்பீசிலும் உணவுக்குழாயை மஞ்சள் சாக்பீசிலும் வரைந்து வரைந்து கை ஓய்ந்தவன். ஆனால் அந்தப் படம் யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ரயில்வே கேட்டை வைத்துச் சொன்னேன், உடனே புரிந்துவிட்டது. உனக்கும் அப்படியே சொல்கிறேன்.

தொண்டையில் இரண்டு பாதைகள் குறுக்கே சந்திக்கின்றன. ஒன்று காற்றின் பாதை, அது நுரையீரலுக்குப் போவது. இன்னொன்று சோற்றின் பாதை, அது வயிற்றுக்கு. நாம் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் காற்றுப் பாதையின் கேட் மூடிக்கொள்கிறது, சோறு பத்திரமாகக் கடந்து போகிறது. நமக்கெல்லாம் அந்தக் கேட்கீப்பர் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறார். உன் அம்மாவின் கேட்கீப்பர் வேலையை விட்டுவிடவில்லை, கொஞ்சம் தாமதமாக எழுந்திருக்கிறார், அவ்வளவுதான். இப்போது தண்ணீரை நினைத்துக்கொள். தண்ணீர் நம் ஊர் டூவீலர்காரன். கேட் பாதி இறங்கியிருந்தாலும் வண்டியைச் சாய்த்து உள்ளே நுழைந்துவிடுவான். கூழ் மாதிரி கெட்டியானது லோடு லாரி. மெதுவாகத்தான் வரும்; கேட் மூடுவதற்கு நேரம் கிடைக்கும். அண்ணாந்து குடிப்பது என்பது அந்த டூவீலருக்கு இறக்கத்தில் ரோடு போட்டுக்கொடுப்பது. உள்ளே நுழைந்தது நுரையீரலில் போய் உட்கார்ந்தால் காய்ச்சலும் நிமோனியாவும். மருத்துவமனையில் நடுவில் ஒரு காய்ச்சல் வந்து நம்மைக் கலங்கடித்ததே, அது இந்த வழியாக வந்ததுதான்.

அதனால் ஷாலினி சொன்னவை இவை. நாற்காலியில் நேராக உட்கார வேண்டும், படுத்துக்கொண்டோ சாய்ந்துகொண்டோ கூடாது. தண்ணீராக இருக்கும் எதையும் அதற்கென்று விற்கிற பொடியைக் கலந்து கெட்டியாக்க வேண்டும். சின்ன சின்ன வாயாக, தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லிக் குரலைக் கேட்க வேண்டும். குரல் ஈரமாக, கொழகொழவென்று கேட்டால் ஏதோ தங்கியிருக்கிறது என்று அர்த்தம். சாப்பிட்டு அரை மணி நேரம் வரை படுக்கக் கூடாது. தாடையைத் தாழ்த்துவது எல்லா நோயாளிக்கும் ஒத்து வராதாம். உன் அம்மாவைச் சோதித்துப் பார்த்துவிட்டு உன் அம்மாவுக்காகச் சொன்னது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீ யாருக்காவது நல்ல மனதோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பாய்.

டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. வாய் வழியாகப் போதுமான அளவு சாப்பிட வேண்டும், முக்கியமாகப் போதுமான அளவு நீர் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் திரும்ப வரும். இதைக் கேட்டதும் உன் அம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இன்னா வாத்தியாரே, மூக்குல டியூப்ப மாட்டிகினு நைனா கண்ணாலத்துல நான் நிக்கணுமா? எல்லாம் பொண்ண பாக்க மாட்டாளுங்க, என் மூக்கத்தான் பாப்பாளுங்க. டியூப் வந்துச்சின்னா நான் ஊட்லயே கீறேன். நீங்க போய் கட்டிவெச்சிட்டு வாங்க, நான் வீடியோல பாத்துக்கறேன்." நீ இன்னும் அவளுக்கு நைனாதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உன் அம்மா எதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறாளோ அதை மாற்றவே முடியாது என்பது உனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஒரு தடவை ஊசி இறங்கிவிட்டால் துணியைப் பின்னுக்கு இழுக்க மாட்டாள். உன் "வருவாங்களா" என்ற கேள்வி அந்த ஒரு டம்ளர் தண்ணீரில்தான் நின்றது.

சோறு ஒரு பிரச்சினையாக இல்லை. குழைய வடித்து, பருப்போடு மசித்து, ஸ்பூனில் கொடுத்தால் சாப்பிட்டாள். தண்ணீர்தான். முதல் நாள் பொடி கலந்த தண்ணீரை டம்ளரில் கொடுத்தேன். "வாய் வெச்சுக் குடி" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எச்ச பண்ணியா?" என்றாள். "உன் டம்ளர்தான், வேற யாரும் தொட மாட்டாங்க" என்றேன். "இன்னிக்குத் தொட மாட்டாங்க. நாளிக்கு நைனா பொண்டாட்டி வந்து இதுல தண்ணி குடிக்கும். மாமியா எச்ச டம்ளர்ல குடிச்சேன்னு அவங்கம்மாவாண்ட போய் சொல்லும்." உன் வருங்கால மனைவி இன்னும் நம் வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்கவில்லை, அதற்குள் ஒரு மாமியார் மருமகள் சண்டை முடிந்துவிட்டது. டம்ளரில் அடையாளத்துக்குச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கு ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. அவள் மனம் சரி என்றாலும் கை கேட்கவில்லை. டம்ளரைத் தொட்டதும் கை தானாக மேலே போகிறது, கழுத்து தானாகப் பின்னால் சாய்கிறது. ஐம்பது வருடப் பழக்கம். அண்ணாந்தால், பொடி கலந்த தண்ணீராக இருந்தாலும் இருமல். இருமல் வந்ததும் பயம். பயம் வந்ததும் "வேணாம், தாகமில்ல."

இதில் எனக்கும் பங்குண்டு என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, "உதடு படக்கூடாது, அண்ணாந்து குடி" என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அம்பத்தூரில் இன்றைக்கு நாற்பது வயதுக்காரர் யாராவது சட்டை நனையாமல் அண்ணாந்து குடித்தால் அது என் கைவேலையாகத்தான் இருக்கும். இப்போது அதே வாயால், "தாடையை இறக்கு, தாடையை இறக்கு" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒரு பேச்சுல நில்லு வாத்தியாரே" என்பாள் உன் அம்மா.

பேச்சு என்றதும் நினைவு வருகிறது. ஷாலினி எனக்கும் ஒரு பாடம் வைத்திருந்தாள். ஒரு நாள் மதியம் நாங்கள் சாப்பிடுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். நான் எப்போதும் போல நல்ல மனதோடு பேசிக்கொண்டிருந்தேன். "உப்பு சரியா இருக்கா? இன்னும் கொஞ்சம் மசிக்கட்டுமா? மண்டபத்துக்காரன் போன் பண்ணான், சொன்னேனா? முழுங்கிட்டியா?" ஒவ்வொரு கேள்விக்கும் உன் அம்மா வாயில் சோற்றோடு பதில் சொல்லப் பார்த்தாள். பதில் சொல்ல மூச்சை இழுக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது கேட் திறந்திருக்கும். ஷாலினி முடிந்த வரை மரியாதையாகச் சொன்னாள்: "சார், அம்மா நல்லாத்தான் முழுங்கறாங்க. நீங்கதான் அவங்கள முழுங்க விடல." அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு விதி. டி.வி. கிடையாது, போன் கிடையாது, என் கேள்விகள் கிடையாது. நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கடைசி வாயை விழுங்கி, "ஆ" என்று குரல் காட்டிவிட்டு, உன் அம்மா சொன்னாள்: "கண்ணாலம் ஆன நாள்ள இருந்து இப்பதான்யா இந்த ஊடு அமிதியா கீது."

பேசாமல் இருந்தபோது நான் அவளைப் பார்க்க ஆரம்பித்தேன். வேறு வேலையில்லையே. உன் அம்மா தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சாப்பிடுகிறாள், கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டு. பிடித்ததைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறாள். ஒரு வாய் இறங்கப் போகிறது என்றால் அதற்குச் சற்று முன்னால் இடது புருவம் லேசாக அசைகிறது. அந்தப் புருவத்தைப் பார்த்தே அடுத்த ஸ்பூனை நீட்டலாம் என்று கண்டுபிடித்தேன். ஷாலினியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சோதித்துப் பார்த்துவிட்டு, "ஆமா சார்!" என்றாள். முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம். அந்தப் புருவம் எனக்கு இப்போதுதான் அறிமுகம்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் சரோஜா அத்தை ஆவடியிலிருந்து தூக்குப் போணியோடு வந்து இறங்கினாள். ரசம் சாதம். வீடு முழுக்கப் பூண்டும் மிளகும் மணந்தது. "பாவம், அண்ணிக்கு நாக்கு செத்துப்போய் கீது. ரசத்த நல்லா கரைச்சி ஊட்டினா தொண்டையில வழுக்கிகினு போயிடும்ணா" என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். நோயாளிக்கு ரசம் சாதம்தான் முதலில் நினைவுக்கு வரும், நம் எல்லாருக்கும். ஆனால் உன் அம்மாவுக்கு அதைவிட ஆபத்தான சாப்பாடு கிடையாது. பருக்கை லாரி, ரசம் டூவீலர். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டுக்கு வந்து நின்றால் கேட்கீப்பர் பாவம் என்ன செய்வார்? நான் குறுக்கே போய் நின்றேன். "வேணாம் சரோ, ஷாலினி கூடாதுன்னு சொல்லியிருக்கா." அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "யாரு அது ஷாலினி? எங்கண்ணிக்கு நான் ரசம் ஊட்டக் கூடாதா? ஆவடியிலேந்து ஆட்டோல மடியில வெச்சிகினு வந்தேன்ணா." உன் அம்மாதான் நிலைமையைக் காப்பாற்றினாள். போணியைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஆழமாக முகர்ந்தாள். "சரோ, வாசன மட்டும் எனக்கு. சோத்த உங்கண்ணன் துன்னட்டும். எனக்கு நீ வேற ஒண்ணு செய்யி. ஆடி மாசத்துல ஊத்துவியே கூழு, அதுல நொய்யே போடாம, கட்டியில்லாம, வெண்ண மாதிரி காச்சிக் குடு." சரோஜா அத்தை அழுகையும் சிரிப்புமாகச் சமையலறைக்குள் போனாள். ஷாலினி மறுநாள் வந்து அந்தக் கேழ்வரகுக் கூழை ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டாமல், மெதுவாகச் சரிந்து விழுந்தது. "இதான் நான் சொன்ன பதம்" என்றாள். அன்றிலிருந்து உன் அத்தை ஷாலினியைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டுவிட்டாள்.

கூழ் இறங்கியது. ஆனால் கூழ் மட்டும் போதாது. தண்ணீர் அளவு ஏறவில்லை. உதடு காய்ந்தது, சிறுநீர் குறைந்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். "இப்படியே இருந்தா டியூப்பத் திரும்பப் போடச் சொல்லிடுவாங்க சார்" என்று ஷாலினி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், உன் அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று மெதுவாக. உள்ளேயிருந்து குரல் வந்தது: "எனக்குத் தொண்டதான் வேல செய்யல ஷாலு, காது நல்லாத்தான் கீது."

காபி விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அவள் குடிக்க முடியாதபோது எதிரில் உட்கார்ந்து நான் மட்டும் குடிப்பது சரியில்லை என்று, காலையில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கள்ளிக்குப்பம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு கடையில் காபி குடித்துவிட்டு வருவேன். இரண்டு நாளில் பிடிபட்டுவிட்டேன். "வாயில காபி வாசன கீது. திருட்டுத்தனமா குடிச்சிகினு வர்றியா? என் மொகத்துக்கு எதிர்ல உக்காந்து குடி. பாக்கறதுக்கு எனக்கு இன்னா, கண்ணுக்கா டியூப் போட்டாங்க?" அதனால் அந்தச் சனிக்கிழமை இருவருக்கும் வீட்டிலேயே காபி. எனக்கு டபராவும் டம்ளருமாக வழக்கமான காபி. அவளுக்கு நெயில் பாலிஷ் டம்ளரில், பொடி கலந்து கெட்டியாக்கிய காபி. அதை அவள் இரண்டு வாய்க்கு மேல் தொடுவதில்லை. என் காபியை டம்ளரில் ஊற்றிக்கொண்டேன். காலி டபரா மேஜையில் இருந்தது. அப்போது மண்டபத்து அலங்காரக்காரர் போன் செய்தார். உள்ளே சிக்னல் இல்லை. டம்ளரோடு வாசலுக்குப் போனேன்.

திரும்பிப் பார்த்தபோது உன் அம்மா தன் கெட்டிக் காபியை என் டபராவில் ஊற்றியிருந்தாள். இரண்டு கையாலும் டபராவைப் பிடித்து, ஊதி, குனிந்து, விளிம்பில் உதட்டை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று வாரமாகக் கெஞ்சியும் மிரட்டியும் கொண்டுவர முடியாத அதே நிலை. டபராவில் யாரால் அண்ணாந்து குடிக்க முடியும்? அகலமான பாத்திரம், தலையைச் சாய்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு வாய். புருவம் அசைந்தது. இறங்கியது. இருமல் இல்லை. இன்னொரு வாய். எனக்கு "அடியே!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் வாயில் காபி இருக்கிறது. கத்தினால் திடுக்கிட்டு மூச்சை இழுப்பாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதில் அலங்காரக்காரர் உள்ளே வரைக்கும் கேட்கிற குரலில், "சார், வாசலுக்கு வாழமரம் ரெண்டா, நாலா? சார்? லைன்ல கீறீங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டபராவின் அடி தெரியும் வரை உன் அம்மா குடித்தாள். நிதானமாக வாயைத் துடைத்தாள். "ஆ" என்றாள். குரல் சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம்தான் என் பக்கம் திரும்பினாள். "இன்னா வாத்தியாரே, பேய் அறஞ்ச மாதிரி நிக்கற? வாழமரம் நாலுன்னு சொல்லு."

"எப்படித் தோணிச்சு உனக்கு?" என்று கேட்டேன். "இன்னா தோணறது? சூடா இருந்திச்சி, ஆறட்டும்னு ஊத்தினேன்." "வாய் வெச்சுக் குடிச்சியே, எச்சில் இல்லையா?" என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "டபராவுல வாய் வெக்காம வேற எப்டிக் குடிப்பாங்க? ஒலகமே அப்டித்தான் குடிக்குது." அதுதான் விஷயம். ஐம்பது வருடப் பழக்கத்தை உடைக்க வேண்டுமென்று நானும் ஷாலினியும் முட்டிக்கொண்டிருந்தோம். அதே பழக்கத்துக்குள்ளேயே ஒரு கதவு திறந்தே இருந்தது, அது எங்கே இருக்கிறதென்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலையே பொடி கலந்த தண்ணீரை டபராவில் ஊற்றிக் கொடுத்தேன். மோரும் அதில்தான். டபராவில் தண்ணீர் குடிக்கிற குடும்பம் அம்பத்தூரிலேயே நம்முடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையே ஷாலினியை வரச் சொல்லிவிட்டோம். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள், குரலைக் கேட்டாள், இடது கன்னத்துக்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு வெளிநாட்டுக் கோப்பையின் படத்தை எடுத்துக் காட்டினாள். தலை சாயாமல் குடிப்பதற்காக மூக்குக்கு இடம் விட்டு வெட்டியது. "இத ஆர்டர் பண்ணச் சொல்லலாம்னு இருந்தேன் அம்மா. உங்க டபராவே போதும்" என்றாள். ஆனால் உடனே விரலை உயர்த்தினாள்: "பாத்திரம்தான் மாறியிருக்கு, பொடி மாறல. அம்மா, கெட்டியாத்தான் குடிக்கணும். சார், ஆசைப்பட்டு உங்க காபிய ஊத்திக் குடுத்துடாதீங்க." திங்கட்கிழமை டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குழாய் வேண்டாம் என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது உன் அம்மா பேசிய முதல் பேச்சு, "அந்த மெரூன் பட்டுக்கு ரவிக்க தெச்சிட்டானான்னு கேளு." இப்படித்தான் "பார்க்கலாம்" "வருவாள்" ஆனது.

இனி நீ செய்ய வேண்டியவை. அம்மா மண்டபத்துக்கு டபராவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வருவாள். யாராவது பார்த்துச் சிரித்தால் நீ சிரிக்காதே, அவளே திருப்பிக் கொடுப்பாள், அது போதும். சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன்: அவளுக்கு சேமியா பாயசம் வேண்டாம், பாசிப்பருப்பை மசித்துக் கெட்டியாக ஒரு கிண்ணம். அவள் பந்தியில் இருக்கும்போது உன் நண்பர்களை வரிசையாகக் கூட்டிவந்து, "அம்மா, இவன்தான் ராகுல், இவன்தான் விஷால்" என்று அறிமுகம் செய்யாதே. எல்லாருக்கும் "வாப்பா, சாப்டியா" என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. இலையை மடித்து, "ஆ" சொல்லி முடிக்கட்டும். பிறகு அழைத்து வா. போகிற போக்கில் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடவும் ஓடாதே. கேட்டால் பக்கத்தில் நின்று, பதில் வரும் வரை காத்திரு.

கணவனாகப் போகிறவனுக்கு நான் சொல்ல நினைத்ததும் இதுதான், வேறு பெரிதாக ஒன்றுமில்லை. கீர்த்தனாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் பார்த்துக்கொள் என்று சொல்ல வரவில்லை. அதை நான் சொல்லாமலே நீ செய்வாய், மருத்துவமனையில் உன்னைப் பார்த்தேனே. அவள் நன்றாக இருக்கும் நாட்களைப் பற்றித்தான் சொல்கிறேன். நானும் உன் அம்மாவை நன்றாகத்தான் வைத்துக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு வாய்ச் சோறு அவளுக்குள் இறங்க எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியாது. உதவி செய்ய ஆரம்பித்தபோது நான் செய்ததெல்லாம் அவசரப்படுத்தியதுதான், அன்பாக அவசரப்படுத்தினேன். காத்திருக்கத் தொடங்கிய பிறகுதான் அவளே ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினாள். இப்போது சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது எங்களுக்கு. நாளில் எனக்கு மிகவும் பிடித்த முக்கால் மணி நேரம் அது. சாப்பிட்ட பிறகு படுக்கக் கூடாதே, அந்த அரை மணி நேரம் பேச்சுக்கு. மிச்சம் வைத்திருந்த கேள்விகளையெல்லாம் அப்போது கேட்பேன். பாதிக்குப் பதில் வரும். மீதிக்கு, "வாத்தியாரே, பெல் அடிச்சிடுச்சி, கிளாஸ் முடிஞ்சிது" என்று வரும்.

இதுவரை படித்துவிட்டு உன் அம்மா சேர்க்கச் சொன்னது: "நைனா வேகமா துன்றான், அவங்கப்பன் மாதிரியே. அத்த எழுது." எழுதிவிட்டேன். அவள் சொல்வது சரிதான். ஆபீஸ் கேன்டீனில் நீ ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனை எடுப்பதாக, எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற கீர்த்தனாவே அம்மாவிடம் புகார் சொல்லியிருக்கிறாள்.

இது கிடைத்த மறுநாள் மதியம் கீர்த்தனாவோடு சாப்பிட உட்காரும்போது போனைப் பைக்குள் வைத்துவிடு. அவள் ஒரு வாயை விழுங்கி முடிக்கும் வரை நீ உன் அடுத்த வாயை எடுக்காமல், எதையும் கேட்காமல், அந்த ஒரு வேளையைச் சாப்பிட்டுப் பார்.